எஞ்சின் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, சாப்பிட்டுக்கிட்டே அப்பா ரொம்ப சாதாரணமா சொன்னார். "வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன்டா. காயலான் கடைக்காரர் 18,000 தர்றேங்கிறார்."

வண்டின்னா எங்க வீட்டு மாருதி 800. 1997 மாடல், கார்ப்பரேட்டர் வண்டி. நான் பொறந்த வருஷமும் அதேதான். என்னை விட அதுக்குத்தான் வீட்ல மரியாதை ஜாஸ்தி :-)

விஷயம் இதுதான். ஐட்லிங்ல நடுக்கம், சைலன்சர்ல கறுப்புப் புகை, லிட்டருக்கு 16 குடுத்தது 11 ஆயிடுச்சு. மெக்கானிக் பானட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "எஞ்சின் போச்சு சார், போர் வேலை செய்யணும், 45,000 ஆகும்"னு சொல்லிட்டாராம். "அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு"ன்னு அப்பா முடிச்சுக்கிட்டார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னமோ பண்ணிடுச்சு.

இனி என் கட்சி. பழைய பெட்ரோல் எஞ்சின் வயசால சாகறது ரொம்பக் கம்மி. யாரும் சோதிச்சுப் பார்க்காம, வருஷத்தை மட்டும் பார்த்து தீர்ப்பு எழுதறதாலதான் முக்காவாசி வண்டி காயலான் கடைக்குப் போகுது.

அந்த எஞ்சினைப் பத்தி கொஞ்சம். பேரு எஃப்8பி, சுசுகியோட வடிவமைப்பு. 796 சிசி, மூணு சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு வால்வு. போர் 68.5 மிமீ, ஸ்ட்ரோக் 72 மிமீ. சக்தி சுமார் 37 குதிரைத்திறன், அவ்வளவுதான். ஆனா வண்டியோட எடையே 650 கிலோ சுமார்ங்கறதால அதுவே தாராளம். 1983 டிசம்பர்ல முதல் 800 வெளிய வந்ததுல இருந்து 2014 ஜனவரியில உற்பத்தி நிக்கற வரைக்கும் இதே எஞ்சின் குடும்பம்தான். ஆம்னியும் 2019 வரைக்கும் இதுலதான் ஓடிச்சு. அதனால ஸ்பேர் கிடைக்காதுங்கற கதையெல்லாம் என்கிட்ட வேணாம்.

இதுல ஒண்ணு கவனிக்கணும். மூணு சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்ல கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ரெண்டு ஓரத்துல இருக்கற பிஸ்டனும் ஒரே நேரத்துல மேல கீழ போறதில்ல, அதனால எஞ்சின் முன்னும் பின்னுமா அசையும். பிறவிக்குணம், வியாதி இல்ல. மவுண்டிங் ரப்பர் இறுகிப் போச்சுன்னா அதே ஆட்டம் ஸ்டீயரிங் வரைக்கும் வரும். அதைப் பார்த்துட்டு எஞ்சினைக் குத்தம் சொல்றது அபாண்டம்.

அடுத்தது புகை. இது எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது. நீலப் புகைன்னா ஆயில் எரியுது, ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சிருக்கலாம். சூடான பிறகும் நிக்காத வெள்ளைப் புகைன்னா கூலன்ட் உள்ள போகுது, ஹெட் கேஸ்கட்டைப் பாரு. கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகமா, காத்து கம்மியா போகுது. எங்க வண்டியில கறுப்பு. அதுக்கு எதுக்குய்யா போர் வேலை?

அடுத்த நாள் காலையில பழைய மார்க்கெட் பக்கம் இருக்கற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனோம். எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவாங்க. "தம்பி, மொதல்ல கம்ப்ரஷன் பாப்போம், அப்புறம் பேசுவோம்"னார். பிளக்கைக் கழட்டி கேஜ் மாட்டி செல்ஃப் அடிச்சார். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுச்சு. "ரிங்கும் வால்வும் நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டு கார்ப்பரேட்டர் பக்கம் போனார். சோக் கேபிள் துருப்பிடிச்சு சிக்கியிருந்துச்சு. டேஷ்போர்டுல குமிழை உள்ள தள்ளினாலும் உள்ள தகடு பாதி மூடியே நிக்குது. போதாக்குறைக்கு ஏர் ஃபில்டர் மண்ணடிச்ச சல்லடை.

புது கேபிள், ஃபில்டர், மூணு பிளக், கார்ப்பரேட்டர் கிளீனிங், டேப்பெட் செட்டிங், ஆயில் மாத்தினது எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். அப்புறம் எடுத்த பியூசியில கார்பன் மோனாக்சைடு 1.3 சதவீதம். அந்தக் காலத்து வண்டிக்கு வரம்பு 3.

இதுல எங்க தப்பும் இருக்கு, ஒத்துக்கறேன். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா, அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயில் படலத்தைக் கழுவி, கீழ இறங்கி ஆயில்லயும் கலந்து, போர் நிஜமாவே தேஞ்சிருக்கும். 150 ரூபாய் ஃபில்டரைப் பார்க்காம விட்டதுக்கு 45,000 அழுதிருப்போம்.

பழைய வண்டி வச்சிருக்கறவங்க கவனிக்க வேண்டியது இரும்பை இல்ல, ரப்பரை. டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூவல் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் இதெல்லாம் கிலோமீட்டர் ஓடலைன்னாலும் வருஷக் கணக்குல கெடும். குழாய்த் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க, உள்ள அரிச்சிடும். கூலன்ட்தான். இ20 பெட்ரோல் வந்த பிறகு ஹோஸ் விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை வேணும். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். சென்சார் வச்ச எம்பிஎஃப்ஐ வண்டி கலவையைத் தானே சரி பண்ணிக்கும். கார்ப்பரேட்டர் ஜெட்டுக்கு அந்த புத்தி கிடையாது, நாமதான் டியூன் பண்ணணும். வாரத்துல ஒரு நாளாவது ஓட்டுங்க.

"ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, புகையும் புது வண்டியை விட அதிகம், இதையா கட்டிக்கிட்டு அழணும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஹைவேயில இதுல குடும்பத்தோட போங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். புகை கக்கிக்கிட்டு ஓடற வண்டியை ஓரங்கட்டறதும் சரிதான். ஆனா அளவுகோல் புகையா இருக்கட்டும், வருஷமா இருக்க வேணாம். 2025 ஜூலை 1 முதல் 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு பங்குல பெட்ரோல் கிடையாதுன்னு டில்லியில ஆரம்பிச்சாங்க, எதிர்ப்பு கிளம்பி சில நாள்லயே நிறுத்தி வச்சாங்க. அந்த விதியில நல்லா பராமரிச்ச வண்டியும் குப்பை வண்டியும் ஒண்ணு. அதே 2025-ல 20 வருஷம் தாண்டின காருக்கு ரெனீவல் கட்டணத்தை 10,000 ஆக்கினாங்க. கட்டறோம் சாமி. அந்தக் காசுக்கு வண்டியை ஒழுங்கா சோதிச்சுப் பாருங்க, அது போதும்.

எங்க வண்டிக்கு அடுத்த ரெனீவல் 2027-ல. "அது வரைக்கும் ஓடுமாடா?"ன்னார் அப்பா. "நீங்க ஓட்டினா ஓடும்பா"ன்னேன். ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் காய்கறிக் கடைக்கு நடந்தே போயிடலாம், அரை கிலோமீட்டர்தான். சாவியை எடுத்துக்கிட்டுப் போனார்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, பொட்டி தட்டறவன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. கார்ப்பரேட்டர் வண்டி இன்னும் வச்சிருக்கற புண்ணியவான்கள் இ20-க்கு என்ன பண்றீங்கன்னும் சொல்லிட்டுப் போங்க மக்கா.