கல்லறைச் சுவரைத் தாண்டாத ஆசீர்

பூசை முடிவில் குருவானவர் கையை உயர்த்தி எல்லோருக்கும் ஒரே ஆசீர் தருகிறார். எல்லோருக்கும் பொது என்றால், தேர் ஏன் நம் தெருவுக்கு வருவதில்லை? கல்லறையில் ஏன் தனி இடம்?

திருச்சி மேலப்புதூரில் செத்த பிணங்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே பீடத்தின்முன் ஆசீர் வாங்கியவர்கள்தான்.

“ஆசீர் ஆன்மிகம், அதில் சாதியை இழுக்காதீர்கள்” என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். இழுத்தது நாமா? ஆபிரகாமின் ஆசீர் பிற இனத்தாருக்கும் உண்டு என்று வாதாடும் கலாத்தியர் 3ஆம் அதிகாரம்தான், கிறிஸ்துவில் அடிமை என்றும் சுதந்திரர் என்றும் பிரிவில்லை என்று முடிகிறது. பவுலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆசீரை வாங்கிக்கொண்டு சமத்துவத்தை மறுப்பவர், பாதி அதிகாரத்தைக் கிழித்துப் போடுகிறார்.

அரசும் சளைத்ததல்ல. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, தலித் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. அதைத் திறக்கச் சொல்லி நம்மோடு ஊர்வலம் வரும் ஆயர்களே, வாருங்கள். வரும் வழியில் உங்கள் கல்லறைச் சுவர்களை இடித்துவிட்டு வாருங்கள்.

தோழர்களே, அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: தேர் எந்தத் தெரு வரை? கல்லறை யாருக்கு எங்கே? பேரவையில் நம்மவர் எத்தனை பேர்? பதில் வராதவரை, அங்கே உயரும் கை ஆசீர் தரவில்லை; சாதியைத்தான் காக்கிறது.