அருகிலிருப்பவரும் ஒரு மருந்தே

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்க்கிறார். முதியோரைப் பேணுவதில் இந்த நான்காமவரின் கடமையே பெரிதும் மறக்கப்படுகிறது என்பது மாணவியராகிய எங்கள் கருத்து.

முதியோரிடம் நோய் உரக்கப் பேசுவதில்லை. நிமோனியா கண்டும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். நெஞ்சுவலியின்றியே மாரடைப்பு வரலாம். சிறுநீரில் கிருமி சேர்ந்தால் திடீர் மனக்குழப்பம் உண்டாகலாம். நேற்றுவரை பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்த பாட்டி இன்று ஆள் தெரியாமல் பேசினால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இந்தச் சொல்லே ஆபத்தானது. முதுமை மெல்ல மெல்ல வருவது. ஒரே நாளில் வந்த மாற்றம் பெரும்பாலும் நோயின் அறிகுறியே அன்றோ?

முதியோர் இல்லத்திற்கு எப்போதாவது வந்துபோகும் மருத்துவருக்கு இம்மாற்றம் தெரியாது. நாள்தோறும் சோறூட்டி, படுக்கை விரிப்பவருக்கே தெரியும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். உணவு, உறக்கம், நடை, பேச்சு இவற்றில் மாற்றம் கண்டால் அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். "உடம்பு சரியில்லை" என்பது போதாது. என்ன மாற்றம், எப்போது முதல், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்ல வரும் பணியாளரை, "வீணாகப் பயப்படுகிறாய்" என்று எவரும் கடிந்துகொள்ளலாகாது.

இல்லங்களுக்கு மட்டுமன்று, நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் பலர். வீட்டில் முதியோர் தனித்திருக்கின்றனர். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக்கட்டியால் வந்ததாயின், அதைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்திற்குள் போட வேண்டும். கூடலூரிலிருந்து க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. "சாயங்காலம் மகன் வரட்டும்" என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பக்கத்து வீட்டாரேனும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

1839-இல் பிரான்சு நாட்டில் புனித ழான் ஜுகான், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டிற்குக் கொண்டுவந்து தம் படுக்கையையே அளித்தார். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை அந்த அன்பிலிருந்தே பிறந்தது. படுக்கை அளிப்பது அன்பின் தொடக்கம். படுத்திருப்பவரின் முகம் பார்த்து மாற்றம் அறிவது அதன் தொடர்ச்சி.

தோழியரே, மருத்துவராக நமக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அருகிலிருப்பவராக இன்றே ஆகலாம். கண்டதைக் காலத்தில் சொல்வோம், முதியோரைக் காப்போம்!