காலுறைப் பின்னலும் இரண்டு கணக்குகளும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், பெண்களுக்கு ஒரு கைப்பணியைப் பழக்கிவிட்டாற் போதும் என்ற எண்ணமும் கூடவே எழுகின்றது. தையல், பின்னல், பன்னவேலை எனப் பயிற்சிகள் நடைபெறுகின்றன, சான்றிதழ்களும் வழங்கப்படுகின்றன. பயிற்சி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு கைப்பணிக்குள்ளும் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்றைக் கற்பித்து மற்றதைக் கற்பிக்காது விட்டால், உழைப்பு ஓரிடத்திலும் பலன் வேறோரிடத்திலும் போய்ச் சேரும். குளிர்நாடுகளில் கம்பளிக் காலுறை பின்னிய பெண்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாவது, கண்ணிக் கணக்கு. காலுறை சிறிய பொருள்தான். ஆயினும் இலேசான வேலையன்று. நான்கு அல்லது ஐந்து ஊசிகளைக் கொண்டு வட்டமாகக் குழாய்போலப் பின்னி இறக்க வேண்டும். குதி வரும் இடத்தில் பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாகப் பின்னித் திருப்ப வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 8 கண்ணிகள் விழுமானால், 8 அங்குலச் சுற்றளவுக்கு 64 கண்ணிகள். குதிக்கு அதிற் பாதி, அதாவது 32. நூல் தடித்தாலோ ஊசி மாறினாலோ கணக்கும் மாறிவிடும். அதனாலேயே கைதேர்ந்தவர்கள் முதலில் ஒரு சிறு துண்டைப் பின்னி அளந்து பார்க்கின்றனர்.

பின்னற் புத்தகங்கள் பலவும் ‘இத்தனை கண்ணி போடு, இத்தனை வரி பின்னு’ என்று கட்டளையிடுவன. எலிசபெத் சிமர்மன் என்னும் அம்மையார் வேறு வழியிற் சென்றார். 1910இல் இங்கிலாந்திற் பிறந்த இவர், நாசிகளின் ஆட்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறிய தம் கணவருடன் 1937இல் அமெரிக்காவிற் குடியேறியவர். ‘கண்ணீரின்றிப் பின்னுதல்’ என்று பொருள்படும் இவரது நூல் 1971இல் வெளிவந்தது. பின்னுவோர் பலருக்கு அது இன்றும் விருப்பமான கைநூல். துண்டைப் பின்னி அளந்துகொள், உடுப்பவரை அளந்துகொள், உன் நூலுக்குரிய கணக்கை நீயே செய் என்பதே அவர் காட்டிய நெறி. இவ்வாறு கற்றவள், புத்தகம் கையில் இல்லாத இடத்திலும் பின்னுவாள். வீட்டையும் அலுமாரியையும் விட்டு வெறுங்கையோடு புறப்பட்ட அனுபவமுள்ள எமது மக்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, கூலிக் கணக்கு. இது பின்னற் புத்தகத்தில் இராது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பெண்கள் பின்னலிற் பேர்பெற்றவர்கள். சிறு காணியும் கடற்றொழிலும் குடும்பத்துக்குப் போதாமையால் இரவும் பகலும் பின்னினார்கள். 1872இல் அங்கு நடைபெற்ற அரச விசாரணையில் அப்பெண்களே சாட்சியமளித்தனர். பின்னிய பொருளுக்கு வியாபாரி காசு கொடுப்பதில்லை. தேயிலையும் துணியும் கொடுப்பார். அல்லது, தம் கடையிலேயே மாற்றத்தக்க ஒரு துண்டை எழுதிக் கொடுப்பார். உண்ண மா வேண்டியவள், அத்தேயிலையைக் கொண்டுபோய் மாவுக்கு மாற்ற அலைந்தாள். 1887இல் இம்முறைக்கு எதிராகச் சட்டம் இறுக்கப்பட்ட பின்னரும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அப்பெண்களுக்குக் கண்ணிக் கணக்கு தெரியாதா? அவர்களைவிட நன்கு தெரிந்தவர் உலகிற் சிலரே. தம் பொருள் வெளியூரில் என்ன விலைக்குப் போகின்றது என்பதே அவர்களுக்கு எட்டாத செய்தியாயிருந்தது.

அயர்லாந்தின் டொனிகல் பகுதியிலும் இதே நிலைதான். வியாபாரியிடம் நூல் வாங்கிக் காலுறை பின்னிக் கொடுத்து, கூலியைச் சாமானாகப் பெற்றனர் ஏழை விவசாயிகளின் மனைவியரும் மகள்மாரும். அம்மண்ணிற் பிறந்து, சிறுவயதிலேயே கூலிக்கு விடப்பட்டு, ஸ்கொட்லாந்திலும் உழைத்துத் திரும்பியவர் பற்றிக் கல்லகர். அவரும் அயலவர்களும் 1906இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தனர். தொடக்கம் பின்னல் அன்று, பசளை. தனித்தனியே கடனுக்கு வாங்கிய பசளையைச் சேர்ந்து வாங்கியபோதுதான் உண்மையான விலை தெரியவந்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தும் சங்கம் நிலைத்தது. பின்னர் பெண்களுக்கென ஒரு பின்னல் ஆலையையும் நடத்தியது. மக்கள் அவருக்குச் சங்கத்தின் பெயரையே பட்டப்பெயராகச் சூட்டினர்.

வியாபாரிகள் எல்லோரும் கொடியவர்கள் என்பது எமது வாதமன்று. கையிற் காசில்லாதவளுக்கு நூலைக் கடனாகக் கொடுக்க வேறு யார் முன்வந்தனர்? ஆனால் கடன் கொடுப்பவனே விலையையும் தீர்மானித்து, அதனை மறைத்தும் வைக்கும்போது அது அநீதியாகின்றது. தொழிலாளிக்கு நீதியான கூலி உரியது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடல் வலியுறுத்தியது. வீட்டுத் திண்ணையில் இருந்து உழைக்கும் தாய்க்கும் அது பொருந்தும்.

காணியில் விளைவிப்பவனுக்கு, நெல் விற்கும்போது அயலூர் விலையாவது காதில் விழும். காணியை இழந்து, இரவல் நிலத்தில் இருந்து பெட்டி இழைப்பவளுக்கு அதுவும் கிட்டுவதில்லை. எனவே எமது கருத்து இதுதான். பயிற்சி நடத்தும் நிறுவனங்கள், எமது திருச்சபை நிறுவனங்கள் உட்பட, முதல் நாளிலேயே கூலிக் கணக்கையும் கற்பிக்க வேண்டும். குழுவுக்கு ஒரு கொப்பி போதும். ஓலைக்கோ நூலுக்கோ சென்ற காசு, பஸ் செலவு, வேலை செய்த மணித்தியாலம், கடையில் அப்பொருள் விற்கப்படும் விலை ஆகிய நான்கையும் எழுதிவாருங்கள். மூன்று மாதம் எழுதினால், யாருக்காக உழைக்கின்றீர்கள் என்பது தெரியவரும். தெரிந்த பின் தனியே போய் வாதாடாதீர்கள். குழுவாகச் சென்று விலை பேசுங்கள். மூலப்பொருளையும் சேர்ந்தே வாங்குங்கள்.

கண்ணி ஒன்று தவறினால் பின்னியவள் அன்றே கண்டுபிடித்து அவிழ்த்துப் பின்னுகின்றாள். கூலியில் தவறும் கண்ணியையும் அவ்வாறே கண்டுபிடிக்கும் ஆற்றல் எமது பெண்களுக்கு உண்டு. அதற்குரிய கணக்கை அவர்களின் கையில் ஒப்படைப்பதே உண்மையான அபிவிருத்திப் பணியாகும்.