மேற்கோளும் யோக்கியதையும்

மனித மூளை எப்படி நினைக்கின்றது, எப்படி ஞாபகம் வைத்துக் கொள்ளுகின்றது என்பதைக் கணக்கின் மூலமும் கணிப்பொறியின் மூலமும் ஆராயும் ஒரு துறை இன்று வளர்ந்து வருகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இருக்கின்றது. அங்கே பேராசிரியர் வி. சீனிவாச சக்கரவர்த்தியும் அவரது மாணவர்களும் பார்க்கின்சன் என்னும் நடுக்க வியாதியில் மூளையின் வேலை எவ்விதம் கெடுகின்றது என்பதைக் கணக்கு மாதிரிகள் அமைத்து ஆராய்ந்து வருகின்றார்கள்.

ஆனால் இப்படிப்பட்ட ஒரு விஞ்ஞானியின் யோக்கியதை என்ன என்று கேட்டால், அவர் கண்டது இன்னதென்று சொல்லுவார் அபூர்வம். எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் அவைகளை மேற்கோள் காட்டினார்கள், அவரது "எச்" எண் என்ன என்றே சொல்லுகின்றார்கள். அதாவது, ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது எண் 20. ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் 2005-ல் சொன்ன கணக்கு இது.

செட்டியார்பட்டியில் இருக்கும் நமக்கு இதில் என்ன அக்கரை என்று சிலர் கேட்கலாம். தறி ஓட்டிச் சேர்த்த பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் கல்லூரி வாசலில் கொண்டுபோய்க் கட்டுகின்றவர்கள் யார்? நாம்தானே! அந்தக் கல்லூரிகளின் விளம்பரங்களில் கட்டுரைக் கணக்கும் மேற்கோள் கணக்கும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அவைகளின் பெறுமானம் என்ன என்று அறியாமல் பணம் கட்டுவது புத்திசாலித்தனமாகுமா?

மேற்கோள் அட்டவணை முதலில் கெட்ட எண்ணத்தோடு வந்ததல்ல. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955-ல் யோசனை கூறி, 1964-ல் ஒழுங்காக வெளியிடத் தொடங்கியது அது. ஒரு கருத்து யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பார்க்க அது ஒரு வழிகாட்டி. வழிகாட்டிப் பலகையையே ஊர் என்று கொண்டாடத் துவங்கியதுதான் பிந்தி வந்த கேடு.

இதே மூளைக் கணக்குத் துறையில் நடந்ததைப் பாருங்கள். நரம்பணுக்களின் வலைப்பின்னல் ஞாபகத்தைச் சேமித்து, சிறு குறிப்பைக் கொண்டு முழுவதையும் மீட்க முடியும் என்பதை ஜான் ஹாப்ஃபீல்டு 1982-ல் ஐந்தே பக்கக் கட்டுரையில் விளக்கினார். அதை மேற்கோள் காட்டியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 2024-ல் நோபெல் பரிசும் அவருக்குக் கிடைத்தது, தகுதியான பரிசே. ஆனால் அத்தகைய மாதிரி ஒன்றை ஜப்பானியரான ஷுனிச்சி அமாரி 1972-லேயே வெளியிட்டிருந்தார். அவரை எடுத்துக் காட்டியவர்கள் அவ்வளவு இல்லை. மேற்கோள் குறைவாயிருந்ததால் 1972-ல் எழுதியது பொய்யாகி விட்டதா?

இது எண்ணிக்கை காணாமல் விட்டது. எண்ணிக்கை இல்லாததைக் காட்டுவதும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் அயோனிடிஸ் கூட்டத்தார் 2019-ல் சுமார் ஒரு லட்சம் விஞ்ஞானிகளின் கணக்கை வெளியிட்டார்கள். அவர்களில் குறைந்தது 250 பேருக்கு, மேற்கோளில் பாதிக்கு மேல் அவர்களே அல்லது கூட எழுதியவர்களே கொடுத்துக் கொண்டது என்று வெளிப்பட்டது. நமது சென்னைப் பக்கத்துத் தனியார் கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அது 94 சதவிகிதம்! தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக் கொண்டு, ஊரே மொய் வைத்தது என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அப்படியானால் எண்ணே வேண்டாமா? எண் போனால் சிபாரிசும் ஜாதியும் அல்லவா வந்து உட்காரும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் எண்ணை ஒழிக்கச் சொல்லவில்லை. எண் சாட்சி சொல்லலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றுதான் சொல்லுகின்றோம். சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணியை மீட்டர் போட்டு அளக்கத்தான் வேண்டும். ஆனால் அது இரத்தத்தை உறிஞ்சுமா என்பதை மீட்டர் கோல் சொல்லாது. நனைத்துத்தான் பார்க்க வேண்டும். 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானப் பத்திரிகைக்காரர்களும், ஒருவரது வேலையை அது வெளிவந்த பத்திரிகையின் எண்ணைக் கொண்டு மதிக்காதீர்கள், வேலையையே பாருங்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே தோழர்களே, பிள்ளைகளைச் சேர்க்கப் போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த மேற்கோள்களில் சொந்தக்காரர் கொடுத்தது எத்தனை? இவர் கண்டதை வேறொருவர் செய்து பார்த்து அப்படியே கண்டாரா? என் மகளுக்குப் பாடம் சொல்ல இவருக்கு நேரமிருக்கின்றதா? பதில் சொல்ல மாட்டாத இடத்தில் எண் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் பணத்தை மடியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாத நாம், பெரிய எண் சொல்லுகின்றது என்பதற்காக மாத்திரம் ஒப்புக்கொள்ளலாமா?