உரோமையை எண்ணிப் பார்ப்போம்

விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த காலம் மாறிவிட்டது. இன்று நம் குடும்பங்களிலும் பலர் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலா சென்று வருகின்றனர். பங்கிலிருந்து யாத்திரைக் குழுவாகச் செல்வோர் உண்டு. பத்து நாளில் ஆறு நாடு காட்டும் சுற்றுலாக்காரருடன் செல்வோர் உண்டு. அங்கே வேலை பார்க்கும் அண்ணனையோ அக்காவையோ பார்க்கப் போகும் வழியில் இறங்குவோரும் உண்டு. எவ்வழியில் சென்றாலும் உரோமை மாநகரம் அவர்கள் பயணத்தில் தவறாமல் இடம் பெறுகிறது. திரும்பி வந்தவர்களைக் கேட்டால், “கொலோசியம் பார்த்தோம், வத்திக்கான் பார்த்தோம், நீரூற்றில் காசு போட்டோம்” என்று விரல் விட்டுச் சொல்கிறார்கள். அங்கே என்ன கண்டீர்கள் என்று மேலும் கேட்டால் கைப்பேசியை நம்மிடம் நீட்டிவிடுகிறார்கள்!

எண்ணிப் பார்த்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. எத்தனை என்று கணக்கிட்டுப் பார்ப்பது ஒன்று. சிந்தித்துப் பார்ப்பது மற்றொன்று. உரோமைக்குச் செல்வோர் இரண்டாவது பொருளில் அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே எம் கருத்து. ஏன் என்பதையும், எவ்வாறு என்பதையும் இங்கே கூற விழைகிறோம்.

உரோமை ஒரே நாளில் கட்டப்பட்டதன்று என்பர். ஒரு காலத்தின்மேல் மற்றொரு காலம் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் நகரம் அது. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் புனித கிளமெந்து ஆலயம் உள்ளது. தெருவிலிருந்து நுழைந்தால் நாம் காண்பது 12-ஆம் நூற்றாண்டு ஆலயம். படியிறங்கினால் அதனடியில் 4-ஆம் நூற்றாண்டு ஆலயம். இன்னும் கீழே இறங்கினால் பழைய உரோமையரின் கட்டடங்களும், மித்ரா என்னும் தெய்வத்தை அவர்கள் வழிபட்ட இருண்ட அறையும். அங்கே நின்று செவிமடுத்தால் நீர் ஓடும் ஓசை கேட்கும். 1857-இல் அயர்லாந்துத் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கினார். அதன் பின்னரே அடியில் புதைந்து கிடந்தவை வெளிப்பட்டன. அவசரச் சுற்றுலாக்காரர் பலர் இவ்வாலயத்தின் வாசலைக் கடந்து போய்விடுகின்றனர். உரோமையைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இடத்தைக் காட்டுங்கள் என்று எம்மைக் கேட்டால், இதையே காட்டுவோம்.

இப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்ற இடங்களும் நம்மோடு பேசத் தொடங்கும். பழைய உரோமையின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில், பேரரசர் அந்தோனினுசுக்கும் அவர் மனைவி ஃபவுஸ்தினாவுக்கும் எழுப்பிய கோயில் பிற்காலத்தில் கிறிஸ்தவ ஆலயமாயிற்று. அதன் கதவு இன்று நம் தலைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. காரணம் என்ன? அந்தக் கதவு வைக்கப்பட்டபோது தரைமட்டம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. பல நூற்றாண்டு மண்ணைப் பின்னர் அகழ்ந்து எடுத்துவிட்டனர். கதவு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. விவரம் அறியாதவர் “உடைந்த தூண்கள்” என்று சொல்லி நகர்வார். அறிந்தவர் ஒரு கதவின் முன்னே கால்மணி நேரம் நிற்பார்.

அதே ஃபோரத்தின் ஓரத்தில் மூன்று பெரும் வளைவுகளோடு மக்சென்சியுஸ் மண்டபம் நிற்கிறது. அது எழுவதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது, முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தொமீசியன் கட்டிய மிளகுக் கிடங்கு! அந்நாளில் மிளகு முசிறி முதலிய நம் துறைகளிலிருந்தே கப்பலேறியது. யவனர் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு குறிக்கிறது. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் நாட்டைவிட்டுப் போகிறதே என்று உரோமை எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். நம்மவர் எத்தனை பேர் அந்த வளைவுகளின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்! தம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உறவை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆகவே நாம் சொல்லும் முதல் யோசனை: செல்லுமுன் படியுங்கள். பள்ளி நூலகத்தில் உரோமை வரலாற்றைப் பற்றி ஒரு நூலையேனும் எடுத்துப் படித்துச் செல்பவர், கையில் விளக்குடன் செல்பவருக்கு ஒப்பாவார்.

இரண்டாவது யோசனை: குறைந்தது மூன்று முழு நாள்களை ஒதுக்குங்கள், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் பழைய உரோமைக்கு. கொலோசியம், ஃபோரம், பாலத்தீன் குன்று மூன்றும் அருகருகே உள்ளன. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு கிடைக்கும். கி.பி. 80-இல் பேரரசர் தீத்துஸ் திறந்து வைத்த கொலோசியத்தில் ஏறத்தாழ 50,000 பேர் அமரலாம் என்பர். மனிதரும் விலங்குகளும் மடிவதை மக்கள் கண்டு களித்த இடம் அது. அதே கொலோசியத்தில் இக்காலத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 30-ஆம் நாள் மரண தண்டனைக்கு எதிராக ஒளியேற்றுகிறார்கள். இந்த மாற்றத்தைச் சிந்திக்காமல் அங்கிருந்து வெளியேறலாகாது. மாலையில் கேபிடல் குன்றின்மேல் ஏறி அதன் பின்புறம் சென்றால் ஃபோரம் முழுவதும் கண்முன் விரியும். அதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாம் நாள் வத்திக்கானுக்கு. 44 ஹெக்டேர் பரப்பே உள்ள இது 1929 முதல் தனி அரசு. புனித பேதுரு சதுக்கத்தைச் சூழ்ந்து பெர்னீனி அமைத்த 284 தூண்கள் நான்கு வரிசையாக நிற்கின்றன. தரையில் அதற்கென அடையாளமிட்ட கல்லின்மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசையும் ஒரே வரிசையாகத் தெரியும். இச்சதுக்கத்தில்தான் 2022 மே 15-ஆம் நாள் நம் குமரி மண்ணின் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். பேராலயத்தினுள் வலப்பக்கம், இறந்த இயேசுவை மடியில் ஏந்திய அன்னையின் சிலை உள்ளது. மைக்கேல் ஆஞ்சலோ அதைச் செதுக்கி முடித்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அதைத் தாக்கியதால் இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள்; மின்தூக்கியில் சென்றாலும் 320 படிகளை ஏறியே ஆகவேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியை வற்புறுத்தி அழைத்துச் செல்லாதீர்கள்! வத்திக்கான் அருங்காட்சியகத்தைச் சுற்றிக் கடைசியில் சிஸ்டைன் சிற்றாலயத்தை அடைந்தால் அங்கே படமெடுக்க அனுமதியில்லை. நல்லதாயிற்று, கண்ணால் பார்ப்பதற்கு அங்கேயாவது வாய்ப்புக் கிடைக்கிறது.

மூன்றாம் நாளை நடைக்கே ஒதுக்குங்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்துப் பாந்தியன் கோயில் 609-இல் ஆலயமாக மாற்றப்பட்டதால் அழியாமல் தப்பியது. அதன் குவிமாடத்தின் அகலமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றே: ஏறத்தாழ 43 மீட்டர். உச்சியில் உள்ள திறந்த வட்டத்தின் வழியே மழை உள்ளே பெய்யும். தரையிலுள்ள துளைகள் நீரை வடித்துவிடும். அருகிலுள்ள நவோனா சதுக்கத்தில் பெர்னீனியின் நான்கு நதிகள் நீரூற்றைக் காணலாம். கையில் துடுப்புடன் அமர்ந்திருக்கும் உருவம் நம் கங்கை! இரண்டுக்கும் இடையே பிரெஞ்சுக்காரரின் புனித லூயிஸ் ஆலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று மத்தேயு ஓவியங்கள் உள்ளன. பார்க்கக் கட்டணம் இல்லை. இறுதியாகத் திரேவி நீரூற்று. கி.மு. 19-இல் அமைத்த கால்வாயின் நீரே இன்றும் அதற்கு வருகிறது. கூட்டத்தைத் தவிர்க்க விரும்பினால் விடியற்காலையில் செல்லுங்கள். மக்கள் எறியும் காசுகள் காரித்தாஸ் வழியாக ஏழைகளுக்குச் செல்கின்றன.

இனி நடைமுறைக் குறிப்புகள் சில:

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டு வெயில் நமக்கே கடுமையாக இருக்கும்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி நேரம் வரை காத்திராதீர்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம் இரண்டுக்கும் அவற்றின் சொந்த இணையதளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். கொலோசியச் சீட்டில் பெயர் இருக்கும்; பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பாந்தியனுக்கு 2023 முதல் கட்டணம் உண்டு. 18 வயது நிரம்பாதவருக்குக் கொலோசியம், பாந்தியன் உள்ளிட்ட இத்தாலிய அரசின் சின்னங்களில் நுழைவு இலவசம். மாணவியர் இதை மறவாதீர்கள்!

வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும். அன்று கூட்டம் சொல்லி மாளாது. புதன் காலையில் பாப்பரசரின் பொதுச் சந்திப்பு நடக்கும். அதில் பங்கேற்க விரும்பாதவர் வேறு நாளில் செல்வது நலம்.

ஆலயங்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலைக்கும் சுடிதாருக்கும் எத்தடையும் இல்லை. சிற்றாலயங்கள் பல நண்பகலில் மூடி மாலையில் திறப்பதால், காலையிலேயே சென்றுவிடுங்கள்.

தண்ணீர் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். மூக்குப் போன்ற குழாயுள்ள இரும்பு நீரூற்றுகள் நகரெங்கும் ஏறத்தாழ 2,500 உள்ளன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியே நீர் பீறிடும். வாய் வைக்காமல் குடிக்கலாம்.

தெருக்களில் கருங்கற்கள் பதித்திருப்பதால் உயர்ந்த குதிகால் செருப்பு உதவாது. பேருந்துச் சீட்டை ஏறியதும் பொறியில் பதியாவிட்டால் அபராதம். நெரிசலில் பையை முன்புறமாக அணைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. மேசையில் அமர்ந்தால் கூடும். மரக்கறி உண்போருக்கு, எடை போட்டு வெட்டித் தரும் பிட்சா எளிய துணை.

இத்தனையும் சொன்ன பின் ஒரு கேள்வி எழலாம். “இவ்வளவு செலவழித்துப் போகிறோம், இனி எப்போது போகப் போகிறோம்? எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?” நியாயமான கேள்விதான். பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடும் ஒரு குடும்பத்தின் ஆவலை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் இருபது இடங்களில் நுனிப்புல் மேய்வதைவிட ஆறு இடங்களை மனத்தில் பதித்து வருவதே அச்செலவுக்குத் தகுந்த பயன் என்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணிக்கைக்காக ஓடும் கூட்டம் தான் காண வந்ததையே கெடுக்கிறது. 2023-இல் சுற்றுலாப் பயணி ஒருவர் சாவியால் கொலோசியச் சுவரில் பெயர் கீறிப் பிடிபட்டார். அக்கட்டடம் அவ்வளவு பழமையானது என்று தமக்குத் தெரியாது என்றார்! தெரியாமல் வருவதன் விளைவு இதுவே. நம் கோட்டைகளிலும் கோயில் தூண்களிலும் பெயர் கீறும் நம்மவருக்கும் இது பொருந்தும். ஸ்பானியப் படிகளில் அமர்வதற்கு 2019 முதல் தடை விதிக்க நேர்ந்ததும், படிகள் பாழாவதைத் தடுக்கவே. நகரின் நடுவே தலைமுறையாகக் குடியிருந்த வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறுவதால் வாடகை ஏறி, அவ்வூரார் புறநகருக்குப் போகின்றனர். மக்கள் இல்லாத நகரம் வெறும் பொருட்காட்சியாகிவிடும். எனவே நாம் விருந்தினராகச் செல்வோம். அவர்கள் மொழியில் இரண்டு சொல்லேனும் கற்போம். காலையில் “போன் ஜோர்னோ”, உதவி பெற்றால் “கிராட்சியே”. இரவில் சந்துகளில் உரக்கப் பேசாமல் இருப்போம். வழிபாட்டு நேரத்தில் படமெடுக்காமல் இருப்போம்.

நம்முள் பலருக்கு உரோமைக்குச் செல்லும் வசதி இல்லை. அவர்கள் வருந்த வேண்டியதில்லை. நம் மண்ணில் கிடைத்த உரோமைக் காசுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு புதுச்சேரிக்கு அருகிலேயே இருக்கிறது. இத்தாலிய மட்கலத் துண்டுகள் அங்கே கிடைத்தன. மிளகு வாங்க வந்தவர்கள் நம் வீட்டு வாசலுக்கே உரோமையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். முதலில் இவற்றைச் சென்று காண்போம். பள்ளிச் சுற்றுலாவுக்கு இவ்விடங்களைத் தேர்ந்தெடுக்குமாறு ஆசிரியைகளைக் கேட்போம். இங்கே எண்ணிப் பார்க்கப் பழகியவள், நாளை கொலோசியத்தின் முன்னே நிற்கும் பேறு பெற்றால் அங்கும் எண்ணிப் பார்ப்பாள்.