பூசுமுன் அளந்து பாருங்கள்

ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் நெல்லைச் சீமைக் கொத்தனார்களைத் தேடி ஒரு வேலை வருகிறது. பேஸ்மட்டத்தில் தொடங்கி ஜன்னல் மூலை வரை ஏறிய வெடிப்பைக் கொத்தி, சிமெண்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த சித்திரையில் அதே கோட்டில் வெடிப்பு மறுபடி திறந்துகொள்ளும். வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுவார், கொத்தனார் சிமெண்டைத் திட்டுவார். பெரும்பாலும் இருவர் மேலும் குற்றமில்லை. சுவருக்குக் கீழே இருக்கும் மண்ணையும் அதற்குள் இறங்கும் தண்ணீரையும் கவனிக்காமல் சுவரில் போடுகிற காசு வீண் என்பதே என் கட்சி.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் மிகுதி. ஈரம் பட்டால் அது உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண் வெயிலும் மழையும் படாமல் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் கிடக்கும். ஓரத்து மண் மட்டும் கார்த்திகையில் எழும்பி, கோடையில் இறங்கும். மூலை அறைகள் முதலில் வெடிப்பது இதனால்தான். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து ஆற்றை நிரப்புமே தவிர, நம் சமவெளிக்குக் காற்றைத்தான் அனுப்புகிறது. மாதக்கணக்கில் காய்ந்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழை திடுமென இறங்கும்போது மண்ணின் இந்த ஆட்டம் கூடிவிடுகிறது. தாமிரபரணிக் கரையில் கோளாறு வேறு வகை. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் பாய்ந்த நஞ்சைகள் பல இன்று மனைகள். வயல் களியின் மேல் கிராவலைக் கொட்டி, அது ஒரு மழைக்காலத்தைக்கூடப் பார்க்குமுன் வீடு எழும்புகிறது. கொட்டிய மண் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அமிழ்வதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் அருகே ரயில் பாதைக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதை நாடே பார்த்தது. இரும்பு வளைந்து தொங்கும். செங்கல் சுவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடியில் மண் அரித்த வீடு வெடித்துத்தான் காட்டும். வெள்ளம் வடிந்த வீடுகளில் பூச்சைப் புதுப்பித்தவர்கள் பேஸ்மட்டத்தின் அடியையும் ஒருமுறை தோண்டிப் பார்ப்பது நல்லது.

முதல் வேலை வெடிப்பைப் படிப்பது. பூச்சில் மட்டும் வலைபோல் ஓடும் மயிரிழைக் கீறல், கலவை காயும்போது சுருங்கியதால் வந்தது. அதற்குப் பட்டி போதும். செங்கல் இணைப்புகளில் படிப்படியாக ஏறி, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருந்தால் அஸ்திவாரம் சமமாக இல்லை என்று பொருள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வையுங்கள். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தால்தான் அது பருவத்துக்குப் பருவம் திறந்து மூடுகிறதா, விடாமல் அகல்கிறதா என்பது தெரியும். அதற்குள் தண்ணீரைத் திருத்திவிடலாம். மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் சுவரடியில் விழக் கூடாது. கசியும் செப்டிக் டேங்கைச் சரிசெய்ய வேண்டும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாகத் தளம் போட வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்தான். ஆனால் அந்தக் குழியைக் கரிசலில் சுவரை ஒட்டியே தோண்டுவது வெடிப்புக்குத் தீனி போடுகிற காரியம். நகர்வு நின்ற வெடிப்பில் எப்பாக்ஸியையோ சிமெண்ட் பாலையோ அழுத்திச் செலுத்தினால் பிடித்து நிற்கும். நின்றபாடில்லை என்றால், அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.

ஒரு வருஷம் காத்திருக்க வீடு நிற்குமா என்று கேட்கலாம். நியாயம்தான். கதவு நிலையில் சிக்குவது, சுவர் புடைப்பது அல்லது சாய்வது, வெடிப்பில் விரல் நுழைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். தாத்தா கட்டிய வீடு எந்த மண் பரிசோதனையும் இல்லாமல் நிற்கிறதே என்பது இன்னொரு வாதம். அந்த வீட்டுக்குச் சுண்ணாம்புக் காரையோ மண் சாந்தோ பிணைப்பு. இரண்டும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கூரை ஓடு, திண்ணையும் தாழ்வாரமும் மழையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தன, குளியலறை கொல்லையில் இருந்தது. இன்று கான்கிரீட் கூரையை விறைப்பான சிமெண்ட் சுவர் தாங்குகிறது, குளியலறையோ அதே சுவரை ஒட்டி இருக்கிறது. இடிந்து மறைந்த பழைய வீடுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதுமில்லை.

வழி தெரியாத காலமும் அல்ல இது. கட்டட வெடிப்புகளுக்கென்றே, இன்றைய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முன்னோடி நிறுவனம் 1984இல் ஒரு கையேடு வெளியிட்டது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்று அடிப்பக்கம் குமிழ்போல் விரிந்த தூண் அஸ்திவாரத்தை உருவாக்கித் தந்தது. ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில், சுமார் மூன்றரை மீட்டரில், அது ஊன்றி நிற்கும். மண் பரிசோதனை பற்றிக் கேட்க நெல்லையிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகங்கள் விற்பவரிடம் மண் அறிக்கையைக் கேட்டு வாங்கி, அது வாங்குபவர் கைக்கும் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். அதுவரை, முன்பணம் கொடுக்குமுன் அந்த அறிக்கையை நீங்களே கேளுங்கள்.