பதினொன்றாம் வசனத்துக்கு முன்னாடி...

"நான் எதுக்காகப் பொறந்தேன்? என் வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்?"

இந்தக் கேள்வியை எந்த சர்ச் வாலிபர் கூட்டத்தில் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும். எரேமியா 29:11. கர்த்தர் உனக்குன்னு ஒரு நல்ல திட்டம் வெச்சிருக்கார், கவலைப்படாதே. அவ்வளவுதான், முடிஞ்சது. காலண்டர், காபி கப், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைன்னு அந்த வசனம் இல்லாத இடமே கிடையாது. பைபிள் பக்கமே போகாத மக்கள்கூட யாராவது நண்பர் வீட்டுச் சுவரில் பார்த்திருப்பீங்க.

எனக்கு அந்த வசனத்து மேல கோபம் இல்லை. அதை மட்டும் கத்தரிச்சு எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுறாங்களே, அது மேலதான் கோபம். வாழ்க்கையோட அர்த்தத்துக்கு பைபிளில் இருக்கிற நல்ல பதில்களில் ஒண்ணு அதுக்கு நாலு வசனம் முன்னாடியே இருக்கு. அதை யாரும் காபி கப்பில் போடுறதில்லை.

கொஞ்சம் வரலாறு. கொட்டாவி விடாம கேளுங்க :-)

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிக்கிறார். அரசனையும், பெரிய மனுஷங்களையும், கைத்தொழில் தெரிஞ்சவங்களையும், கொல்லர்களையும் அள்ளிக்கிட்டுப் போறார். 2 இராஜாக்கள் 24-ஆம் அதிகாரம் பத்தாயிரம் பேர்னு கணக்கு சொல்லுது. வேலை தெரிஞ்சவனாப் பார்த்துத் தூக்கியிருக்காங்க. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க அன்னைக்கு இருந்திருந்தா முதல் வண்டியிலேயே ஏத்தியிருப்பாங்க.

போனவங்களுக்கு ஒரே கேள்விதான். எப்போ ஊருக்குத் திரும்புவோம்? அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷம்னார். எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தை எல்லார் முன்னாடியும் பிடுங்கி உடைச்சும் காட்டினார். கூட்டத்துக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தானே செய்யும்?

எரேமியா என்ன செஞ்சார்? பாபிலோனுக்கு ஒரு கடிதம் எழுதி, சிதேக்கியா ராஜா அனுப்பின ஆட்கள் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். அதில் இருக்கிற புத்திமதியை என் வார்த்தையில் சொன்னா இப்படி: வீடு கட்டிக் குடியிருங்க. தோட்டம் போட்டு விளையுறதைச் சாப்பிடுங்க. கல்யாணம் பண்ணுங்க, பிள்ளை பெறுங்க. உங்களை இழுத்துட்டுப் போன அந்த ஊரோட சமாதானத்துக்காகப் பாடுபடுங்க, அதுக்காக ஜெபமும் பண்ணுங்க. அந்த ஊர் நல்லாயிருந்தாத்தான் நீங்களும் நல்லாயிருப்பீங்க. திரும்பி வர்றதுக்கு 70 வருஷம் ஆகும்.

எழுபது! கடிதத்தைக் கேட்டுக்கிட்டிருந்த முப்பது வயசுக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான். அவன் திரும்பப் போறதில்லை. ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தா அவன் பேரன் போவான். கோரேசு ராஜா பாபிலோனைப் பிடிச்சதே கி.மு. 539-ல் தான்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் அந்தப் பிரபலமான பதினொன்றாம் வசனம் வருது. அந்த வாக்குறுதியை முதல்ல கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குச் சமாதி பாபிலோன்லதான். செமாயான்னு ஒருத்தர் கடுப்பாகி, 'இந்த ஆளை ஏன் இன்னும் பிடிச்சு உள்ள போடலை?'ன்னு எருசலேமுக்குப் பதில் கடிதமே எழுதியிருக்கார். வாக்குத்தத்த அட்டையில் வர்ற வசனத்துக்குக் கிடைச்ச முதல் வரவேற்பு இது!

இன்னொரு விஷயம். இங்கே நம்ம தமிழ் பைபிள் கை கொடுக்குது. ஆங்கிலத்தில் படிக்கிறப்போ 'யூ'ங்கிற வார்த்தை ஒருத்தனா ஒரு கூட்டமான்னு தெரியாது. நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒரு மனுஷன்கிட்ட பேசினா 'நீ', 'உன்' தான். மரியாதைப் பன்மை எல்லாம் கிடையாது. இந்த வசனத்தில் இருக்கிறது 'உங்கள்'. அதாவது ஒரு ஜனக்கூட்டம். மூல எபிரெயத்திலும் பன்மைதான். அதோட, புது ஆங்கில மொழிபெயர்ப்புகளில் 'பிளான்ஸ்'னு வர்ற இடத்தில் தமிழில் 'நினைவுகள்'னு இருக்கு. திட்டம்னு சொன்னதும் நமக்கு எக்செல் ஷீட்டும் ரிலீஸ் தேதியும்தான் ஞாபகம் வரும். ஒருத்தர் நம்மளை நினைச்சுக்கிட்டிருக்கார்ங்கிறது வேற மாதிரி ஆறுதல் இல்லையா?

ஏழாம் வசனத்தில் ஊருக்காகத் தேடச் சொன்ன 'சமாதானம்'ங்கிற அதே வார்த்தைதான் பதினொன்றிலும் வருது. எபிரெயத்தில் ரெண்டுமே ஷாலோம். ஊருக்குத் தேடிக் கொடுக்கிறதும் நமக்குக் கிடைக்கிறதும் ஒண்ணுதான்னு நான் புரிஞ்சுக்கிறேன்.

சரி, இப்போ இதெல்லாம் எதுக்குன்னு கேட்பீங்க. என் நண்பன் ஒருத்தனுக்கு வேலை போச்சு. பார்த்துவெச்ச சம்பந்தமும் அதோட நின்னுபோச்சு. வேலை போனதைவிட அவனை அதிகமா அரிச்சது ஒரு கேள்வி: "கடவுள் வெச்சிருந்த திட்டத்தை நான் எங்கேயோ தவறவிட்டுட்டேனாடா?" ஏதோ ரெண்டு நிமிஷம் லேட்டா வந்து பாண்டியன் எக்ஸ்பிரஸை விட்ட மாதிரி! கண்ணுக்குத் தெரியாத ஒரு திட்டம், அதில் தனக்குன்னு ஒரு சீட், அதைக் கண்டுபிடிக்கலைன்னா வாழ்க்கையே வீண்... ஆறுதலுக்காகச் சொன்ன வசனம் அவனை ராத்திரி தூங்க விடலை. இந்த பாரத்தை அவன் தலையில் ஏத்தினது எரேமியா இல்லை. பாதி வசனத்தை வெச்சுப் பிரசங்கம் பண்ற நாமதான்.

கடிதத்தை முழுசாப் படிச்சா அந்த பாரம் இறங்குது. வந்து சேர்ந்த ஊர் நாம தேர்ந்தெடுத்ததா இருக்கணும்னு இல்லை. அர்த்தம்ங்கிறது ஊர் திரும்பின பிறகு ஆரம்பிக்கிற விஷயமும் இல்லை. செடி நடு, பக்கத்து வீட்டுக்காரன் நல்லாயிருக்க ஏதாவது செய், பிள்ளைகளை வளர். உன் காலத்தில் முடியாத ஒரு வேலையில் உன் பங்கைச் செய். இதில் தவறவிட என்ன இருக்கு? தினமும் காலையில் எழுந்ததும் புதுசா ஆரம்பிக்கலாமே.

யூதர்கள் அதைச் செஞ்சும் இருக்காங்க. பாபிலோன் பகுதியில் 'யூதாவின் ஊர்'னு அர்த்தம் வர்ற அல்-யாஹுது என்ற குடியிருப்பு இருந்திருக்கு. அதைச் சேர்ந்த களிமண் பலகைகளில் நூற்றுக்கும் மேலானவை 2014-ல் புத்தகமா வெளிவந்தது. அதில் இருக்கிறதெல்லாம் நிலக் குத்தகை, கடன், வரின்னு சாதாரணக் கணக்குவழக்குதான். ரெண்டு வருஷம்னு சொன்னவர் பேச்சை நம்பி மூட்டையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அந்தப் பலகைகளில் அவங்க பேர் வந்திருக்குமா?

'அப்போ அடிமையா இருக்கிறதை ஏத்துக்கோன்னு சொல்றியா?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். எரேமியா பாபிலோனுக்கு ஜால்ரா அடிக்கலை. அதே புத்தகத்தோட 50, 51-ஆம் அதிகாரங்களைப் படிச்சுப் பாருங்க, பாபிலோனைக் கிழி கிழின்னு கிழிச்சிருப்பார். அநியாயத்தை அநியாயம்னு சொல்லிக்கிட்டே தோட்டமும் போட முடியும்ங்கிறதுதான் அவர் கட்சி.

கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர்களுக்கும் ஏழாம் வசனத்தில் சண்டை போட எதுவும் இருக்காதுன்னு நினைக்கிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ ஆணி பிடுங்கிக்கிட்டு, 'ரெண்டு வருஷம், அப்புறம் ஊர்ப்பக்கம் போயிடுவேன்'னு பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாம இருக்கிறவங்க நம்மள்ல எத்தனை பேர்?

அடுத்த தடவை யாராவது 29:11 அட்டையை உங்க கையில் கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்குங்க. அப்படியே அஞ்சாம் வசனத்திலிருந்து ஒரு தடவை படிச்சுடுங்க. அர்த்தத்தைத் தேடி அலையறதுக்கு முன்னாடி, குறைஞ்சபட்சம் மாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது வெச்சிருப்போம்.

டிஸ்கி: நான் பாஸ்டர் கிடையாது, இறையியல் படிச்சவனும் கிடையாது. இன்ஜினியரிங் தான். மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா வந்து கும்மலாம் :-)